கொழுந்தனாருக்கு வாங்கித் தரும் கடன் மகனுக்குக் காப்பீடு ஆகுமா?

ராஜபாளையத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 52. நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். மூத்த மகனுக்கு வயது 19. மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. குளியல் முதல் சாப்பாடு வரை எல்லாவற்றுக்கும் தாயின் கை வேண்டும். இளையவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். மகனுக்காக ஆசிரியர் வேலையை விட்ட வாசகி, இப்போது வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் 6,000 ரூபாய் சம்பாதிக்கிறார். கணவரின் தம்பி டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்காக ஆறு ஆண்டுகளாகக் கணவர் தனிநபர் கடன் வாங்கி, இரண்டு முறை டாப்-அப் செய்து (அதே கடனின் மேல் கூடுதல் கடன் வாங்கி), வாசகியின் நகையையும் அடகு வைத்திருக்கிறார். இப்போது மூன்றாவது டாப்-அப் வாங்கச் சொல்லி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. மாடி வீட்டைக் கொழுந்தனாருடைய மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது. வங்கி ஊழியர் ஒருவரோ, ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டும், காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த யூலிப் திட்டத்தைப் பையன் பெயரைச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறார். “யூலிப்பா, செட்டில்மெண்டா, என் மகனுக்கு எது பாதுகாப்பு?” என்பது வாசகியின் கேள்வி.

சகோதரி, இரண்டும் வேண்டாம். நீங்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயத்தில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. “எங்களுக்குப் பிறகு பையனை அவர் குடும்பம்தானே பார்க்க வேண்டும், இப்போது முகத்தில் அடித்தாற்போல் எப்படி மறுப்பது என்று என் கணவர் கேட்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் தம்பிக்குக் கடன் கொடுப்பதாக நினைக்கவில்லை. மகனின் எதிர்காலத்துக்கு பிரீமியம் கட்டுவதாக நினைக்கிறார். பாலிசிப் பத்திரம் இல்லாத, தொகை இன்னதென்று தெரியாத, எதிர்த்தரப்பு எந்தப் பொறுப்பையும் எழுத்தில் ஏற்காத பிரீமியம் அது.

நீங்கள் அனுப்பிய மாதச் செலவுத் தாளையே எடுத்துக்கொள்வோம். வரவு 54,000. வீட்டுக் கடன் தவணை 13,000. மகனின் பிசியோதெரபி, மருந்து, டயப்பர் எல்லாம் சேர்த்து 7,000. மகளின் படிப்புக்கு 4,000. அதற்குக் கீழே “கடை” என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கும் 12,000. மீதமிருக்கும் 18,000-த்தில் குடும்பம் நடக்கிறது; சேமிப்பு என்ற வரியே தாளில் இல்லை. அதாவது, மகனின் உடம்புக்குச் செலவாவதைவிடக் கொழுந்தனாரின் கடைக்குப் போவது அதிகம். இந்த ஆறு ஆண்டுகளில் அவர் திருப்பித் தந்தது, இரண்டு தீபாவளிக்குத் தலா 10,000.

அந்த 12,000-த்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். தனிநபர் கடன் பாக்கி 3.6 லட்சம், வட்டி 15 சதவீதம், மாதத் தவணை ஏறத்தாழ 10,000, இன்னும் 48 தவணைகள். நகைக் கடன் 2.4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 2,000. அதுவும் வட்டி மட்டும்தான், அசல் அப்படியே நிற்கிறது. இப்போது வங்கி நீட்டும் டாப்-அப் 2 லட்சம். பாக்கியுடன் சேர்த்து 5.6 லட்சமாக்கி, ஆறு ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 11,800 சொச்சம் வரும். “மாதம் 1,800 தானே சார் கூடுகிறது” என்று சொல்லித்தான் இதை விற்பார்கள். ஆனால் நீங்கள் கட்டவேண்டிய மொத்தம் 4.8 லட்சத்திலிருந்து சுமார் 8.5 லட்சமாக ஏறிவிடும். இரண்டு லட்சத்தைக் கையில் வாங்க, 3.7 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். டாப்-அப் இல்லையென்றால் கணவரின் 56-ஆவது வயதில் கடன் முடிந்து, ஓய்வுக்கு முன் இரண்டு ஆண்டுகளாவது சேமிக்கலாம். டாப்-அப் வாங்கினால், 58-இல் ஓய்வுபெறும் மாதத்தில்தான் கடைசித் தவணை.

ஆகவே முதல் வேலை, அந்தக் குறுஞ்செய்திக்கு ஒப்புதல் கொடுக்காமலிருப்பது. இரண்டாவது, அடகிலிருக்கும் நகைகளில் ஒரு பகுதியை விற்று மற்றதை மீட்பது. மகளின் கல்யாணத்துக்கு என்று வைத்த நகை என்பீர்கள். வட்டி கட்ட முடியாமல் ஒருநாள் ஏலத்தில் மொத்தமாகப் போவதைவிட, இப்போது நீங்களே இரண்டு உருப்படியை விற்று மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவது மேல்.

செட்டில்மெண்ட் பேச்சுக்கு வருகிறேன். பதிவு செய்து கொடுத்த செட்டில்மெண்டை, மனம் மாறிவிட்டது என்று பிறகு ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. “பெற்றோரைக் கவனிக்காவிட்டால் சொத்தைத் திரும்ப வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறதாமே” என்று யாரோ உங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது 60 வயது நிறைந்தவர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்துக்கானது. உங்கள் இருவருக்கும் இன்னும் 60 ஆகவில்லை. மகனைக் கவனிக்கவில்லை என்பதற்காக அந்தக் கதவைத் தட்ட முடியாது. மாறாக, எதையும் எழுதாமல் விட்டாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருடைய சுயசம்பாத்திய வீட்டில் உங்களுக்கும், மகளுக்கும், மகனுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. உடல் அல்லது மனக் குறைபாடு யாருடைய வாரிசுரிமையையும் பறிப்பதில்லை. தம்பிக்கு அந்த வரிசையில் இடமில்லை. செட்டில்மெண்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். எழுதத்தான் வேண்டுமென்றால், கணவர் உயில் எழுதட்டும். அதில் மகனின் பங்கை ஒரு தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்து, வாடகையை அவன் செலவுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பிடட்டும். உயிலை உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டதால், பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் அவனுக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள் என்பதை உங்கள் கடிதம் கவனிக்கவே இல்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கிறது. நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: காப்பாளராக நியமிக்கப்படுபவர் ஆறு மாதத்துக்குள் அந்த நபரின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கும் காட்ட வேண்டும். இப்போது நீங்கள் விண்ணப்பித்து ஆணை வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு காப்பாளராக யார் வரலாம் என்று கொழுந்தனாரிடம் பேசும்போது, இந்தக் கணக்கு விவரத்தையும் சொல்லுங்கள். கணக்குக் காட்டச் சம்மதிப்பவர் என்றால் பேச்சைத் தொடரலாம். “அண்ணன் பையனுக்குக் கணக்கா?” என்று கோபப்படுபவர் என்றால், விடையை இத்தனை சீக்கிரம் தெரிந்துகொண்டதே லாபம்.

அரசு உதவி விஷயத்தில் உங்கள் வீட்டில் ஒரு வீண் கௌரவம் இருக்கிறது. “சம்பளக்காரர் வீடு, மனுக் கொடுத்து வரிசையில் நிற்பதா” என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்காக வங்கி வரிசையில் மூன்று முறை நின்றவருக்கு, மகனுக்காக ஒருமுறை நிற்பதில் என்ன குறைந்துவிடும்? அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். நகைக் கடன் வட்டியாக மாதாமாதம் நீங்கள் கட்டும் தொகையும் அதே 2,000. மகனின் ஒன்பது வயதில் வாங்கிய 75 சதவீத ஊனச் சான்றிதழைப் பீரோவில் வைத்திருக்கிறீர்கள். அதை வைத்து முதலில் யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். பிறகு விருதுநகர் ஆட்சியர் வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை மனுவையும் காப்பாளர் மனுவையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வாருங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் அங்கேயே விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை பாதுகாப்பு. வறுமைக்கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. உள்வரம்புகளுக்கு உட்பட்டு தெரபிச் செலவையும் திரும்பப் பெறலாம். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் மகனைக் கண்டதும் கையை விரித்த கதையை எழுதியிருந்தீர்கள். அவர்கள் பின்னால் அலைவதை நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று செலவுத் தாளில் வராமலே போய்விட்டது. பி.எட். முடித்த நீங்கள் வீட்டோடு இருப்பதால் போகும் வருமானம் அது. பகல் நேரப் பராமரிப்பு மையம் எதிலாவது மகன் தினமும் ஐந்து மணி நேரம் இருக்க முடிந்தால், ஒரு தனியார் பள்ளியில் மாதம் 12,000 முதல் 15,000 வரை உங்களால் ஈட்ட முடியும். தேசிய அறக்கட்டளைக்கும் பகல் நேர மையத் திட்டம் இருக்கிறது. மாநில அரசின் ‘விழுதுகள்’ மையங்களையும் நல அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்தில் மையம் இல்லையென்றால், மாதம் 5,000 கொடுத்து அரைநாள் உதவிக்கு ஒருவரை வைத்தாலும் உங்கள் கையில் மிஞ்சும்.

யூலிப்பைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது. சேமிப்பே இல்லாத வீட்டில் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் எங்கிருந்து வரும்? பத்தாவது மாதம் மீண்டும் நகையை அடகு வைக்கத்தான் போவீர்கள். விளம்பரத் தாளில் சக்கர நாற்காலிக் குழந்தையின் படம் போட்டிருப்பதால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டம் ஆகிவிடாது. உங்களுக்கு வேண்டியது கணவர் பெயரில் ஒரு சாதாரண டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் தொகை தரும் ஆயுள் காப்பீடு), நாமினி நீங்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான 80டிடி வரிக் கழிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பழைய வரிமுறைக்கு மட்டும் உரியது. இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையிலேயே வரி வராது என்பதால் அதை மறந்துவிடலாம். ஆனால் கணவரின் பி.எஃப். கணக்கில் மகனின் பெயர் குடும்ப விவரத்தில் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமான முழு ஊனமுள்ள பிள்ளைக்கு 25 வயது வரம்பு கிடையாது. உறுப்பினர் மறைந்தபின் வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம் உண்டு. யாருடைய தயவும் இல்லாமல் உங்கள் மகனுக்கு வரக்கூடிய பணம் அது.

கடைசியாக, கொடுத்த பணம். கைமாற்றுக் கடனுக்குச் சட்டப்படி மூன்று ஆண்டுதான் கெடு. எழுத்தில் ஒப்புதல் எதுவும் இல்லாததால் பழைய தொகையில் பெரும்பகுதி கெடு தாண்டிவிட்டது. ஆனால் கெடு தாண்டிய கடனையும் தருகிறேன் என்று கடனாளி புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். எனவே இதுவரை போன மொத்தத்துக்கும், தேதியைக் குறிப்பிட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். இதைக் கணவர் கேட்கட்டும். நீங்கள் கேட்டால் மருமகள் சண்டையாகிவிடும். மாதம் 5,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் பணம் வருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். உயிலில் யார் பெயரைப் பொறுப்பாளராகப் போடலாம் என்பதைப் பிறகு பேசலாம்.