சில்பரி மேட்டின் உள்ளே

அன்புள்ள ஐயா,

ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுடன் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் கென்னட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழங்கால மக்கள் எழுப்பிய சில்பரி மேட்டைப் பார்த்தோம். அது கல்லறையா கோயிலா என்று மகள் கேட்டாள். பலமுறை குடைந்தும் உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை என்று படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. பிரமிடுகளின் காலத்தது என்கிறார்களே, எகிப்தோடு தொடர்பு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த மேடு சில மாதங்களாகவே என் நினைவில் இருந்துவருகிறது. எகிப்துத் தொடர்புக்குச் சான்று ஏதுமில்லை, அதை விட்டுவிடுவோம். ஆனால் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விடமுடியவில்லை.

பொன்மயமான மன்னன் ஒருவன் குதிரையோடு உள்ளே புதைந்திருக்கிறான் என்பது ஊர்க்கதை. 1776இல் உச்சியிலிருந்து கிணறுபோல் தோண்டினார்கள். 1849இலும் 1968இலும் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டினார்கள். மன்னனும் இல்லை, மனித எலும்பும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அந்தப் பழைய கிணறு உள்வாங்கி உச்சியிலேயே பெரும் பள்ளம் விழுந்தது. 4,400 ஆண்டுகள் நின்ற மேட்டைப் புதையல் தேடியவர்கள்தாம் சிதைத்தார்கள். நீங்களும் அதே கண்ணோடு பார்த்துவிட்டு ஏமாந்தேன் என்கிறீர்கள். வருந்தவேண்டாம், இதைக் கண்டிப்புடன்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

சேதத்தைச் சரிசெய்ய 2007இல் மீண்டும் உள்ளே சென்றபோது, மேட்டின் நடு அடியில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு சிறு சரளைக் குவியலைக் கண்டார்கள். அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளும் மண்ணும், அதற்கும் மேல் மேட்டைச் சுற்றியுள்ள அகழியில் வெட்டியெடுத்த வெண்சுண்ணப்பாறையும் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. அன்றைய புல்லும் பாசியும் வண்டுகளும்கூட மக்காமல் இருந்தன. இது ஒரே திட்டத்தில் எழுந்ததல்ல, தலைமுறைகள் தொடர்ந்து மண் சேர்க்கச் சேர்க்க வளர்ந்தது. முடிந்த வடிவத்தைவிட எழுப்பிய செயலே அம்மக்களுக்கு முதன்மையாக இருந்திருக்கலாம் என்று அப்பணியில் ஈடுபட்ட தொல்லியலாளர் ஜிம் லியரி கருதினார். நானும் அப்படியே நம்புகிறேன். உள்ளே இருப்பது அந்த உழைப்பு. அதை ஒன்றுமில்லை என்பதா?

சிறுவயதில் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரிய நாட்களில் நானும் வரிசையில் நின்று மண்கூடை கைமாற்றியிருக்கிறேன். கரை எவ்வளவு உயர்ந்தது என்பது மறந்துவிட்டது. எனக்குக் கூடை தந்த பெரியம்மாவின் கைகளும், கூடை கனக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அவர் கேட்டதும் மறக்கவில்லை. சில்பரியின் அடியில் கிடக்கும் அந்தச் சரளையைப் பற்றிப் படித்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்டில் நீங்கள் கண்டது வறண்ட அகழி. மேட்டுக்குத் தெற்கே, நடந்தே போகும் தொலைவில், ஸ்வாலோஹெட் ஊற்று இருக்கிறது. கென்னட் ஆற்றின் பிறப்பிடமாக அதைச் சொல்வார்கள், கோடையில் அது பெரும்பாலும் வற்றிவிடும். மழை நன்றாகப் பெய்த குளிர்காலத்தின் முடிவில் மகளை அங்கே மறுபடி அழைத்துச் செல்லுங்கள். ஊற்றில் நீர் ஓடும், அகழி நிறைந்து மேடு நீரின் நடுவே நிற்கும். அவள் தன் கேள்வியை அங்கே நின்று மறுபடி கேட்கட்டும்.