அரசனுக்கு முன்னால் அழகான வீடு கட்டிய நிதியமைச்சர்

கேள்வி: பழைய ஐரோப்பிய அரசவைகளில் கலைஞர்களை ஆதரித்த அதிகாரிகளில் யாருடைய வாழ்க்கை உங்களை அதிகம் ஈர்த்தது?

எனக்கு நிக்கோலா ஃபூக்கே. பதினான்காம் லூயியின் ஆரம்ப காலத்தில் பிரான்சின் நிதியைக் கவனித்தவர். உத்தமர் என்று சொல்லமாட்டேன். அரசாங்கப் பணமும் சொந்தப் பணமும் அவரிடம் ஒரே பெட்டியில்தான் கிடந்தன. ஆனாலும் அவர் கதையைப் படிக்கப் படிக்க மனம் அவர் பக்கமே சாய்கிறது.

பலருக்கும் தெரிந்த கதை இதுதான். வோ-லெ-விகோம்த் (சுருக்கமாக வோ) என்ற இடத்தில் ஃபூக்கே ஒரு மாளிகை கட்டினார். 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசனை அழைத்துப் பெரும் விருந்து வைத்தார். சமையல், உபசரிப்பெல்லாம் அவருடைய வீட்டு நிர்வாகி வத்தேல் பொறுப்பு. நாடகாசிரியர் மோலியேர் அந்த இரவுக்காகவே எழுதிய நடனம் கலந்த நகைச்சுவை நாடகம் தோட்டத்தில் அரங்கேறியது. கடைசியில் வாணவேடிக்கை. ராணியின் வண்டியில் பூட்டியிருந்த இரண்டு குதிரைகள் மிரண்டு அகழியில் விழுந்து செத்தன. இதையெல்லாம் பார்த்து அரசனுக்கு வயிறு எரிந்தது, மூன்றே வாரத்தில் ஃபூக்கேவைப் பிடித்து உள்ளே போட்டான் என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைது செய்யும் முடிவு விருந்துக்குச் சில மாதங்கள் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அந்த மார்ச்சில் முதலமைச்சர் மஸாரன் இறந்ததும், 22 வயது லூயி இனி தானே ஆளப்போவதாக அறிவித்தான். மஸாரனின் சொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த கொல்பேர், ஃபூக்கேவின் கணக்குகளைப் பற்றி அரசன் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மஸாரன் விட்டுப்போன சொத்து சுமார் 3.5 கோடி லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). நாட்டிலேயே யாரும் அவ்வளவு சேர்த்ததில்லை. அதைக் கட்டிக்காத்தவரே கொல்பேர்தான். பழி மட்டும் ஃபூக்கே தலையில்.

சரி, ஃபூக்கே திருடினாரா? அந்த நிதி முறையைப் புரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். 1648-இல் அரசு வாங்கிய கடனைத் திருப்பவில்லை. அதன்பின் அரசனை நம்பிக் கடன் கொடுக்க ஆளில்லை. ஸ்பெயினுடனான போரோ 1659 வரை இழுத்தது. 1653-இல் பொறுப்பேற்ற ஃபூக்கே தன் பெயரில், தன் சொத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கிப் படைக்குப் பணம் அனுப்பினார். பிறகு வரி வருமானத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டார், வட்டியோடு, சில சமயம் வட்டிக்கும் மேலே. இவர் பணக்காரராகத் தெரிந்தால்தான் வட்டிக்காரன் கடன் கொடுப்பான். வோ மாளிகையின் பகட்டுக்கு அப்படியும் ஒரு உபயோகம் இருந்தது. முழுக்க அதற்காகத்தான் கட்டினார் என்று நான் வாதாட வரவில்லை. மனிதருக்கு ஆடம்பரம் பிடிக்கும்.

ஆள் தேர்வில் அவரை மிஞ்ச முடியாது. கட்டடத்துக்கு லெ வோ, ஓவியத்துக்கு லெ ப்ருன், தோட்டத்துக்கு லெ நோத்ர். கவிஞர் லா ஃபோன்தேனுக்கு உதவித்தொகை கொடுத்தார்; பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிதை தரவேண்டும். நாடகம் எழுதுவதை விட்டு ஒதுங்கியிருந்த நாடகாசிரியர் கோர்னேயிடம் கருக்களைக் கொடுத்து மறுபடி எழுத வைத்தார்.

செப்டம்பர் 5, நான்த் நகரம். அரசனின் ஆலோசனைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தவரைத் அரசனின் துப்பாக்கி வீரர் படை அதிகாரி தார்த்தஞான் கைது செய்தார். ஆம், அலெக்சாந்தர் டூமாவின் ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ நாவலில் வரும் அதே தார்த்தஞான், நிஜத்தில் இருந்தவர். சற்று முன்புதான் ஃபூக்கே, பாரிஸ் நீதிமன்றத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியை 14 லட்சம் லிவ்ருக்கு விற்று, அதில் 10 லட்சத்தை அரசனிடமே கொடுத்திருந்தார். அந்தப் பதவி இருந்திருந்தால் சக நீதிபதிகள் முன்தான் விசாரணை நடந்திருக்கும். விற்றதால் அரசன் அமைத்த தனி மன்றத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. அவருடைய செயலாளர் பெல்லிசோன் பாஸ்தீய் சிறையில் இருந்துகொண்டே அவருக்காக வாதங்களை எழுதினார். லா ஃபோன்தேன், கருணை காட்டச் சொல்லி அரசனுக்குக் கேட்கும்படி கவிதை எழுதினார். கடிதங்களுக்குப் பேர்போன எழுத்தாளர் மதாம் தெ செவிஞே முகமூடி அணிந்து ஜன்னலோரம் நின்று, விசாரணை முடிந்து திரும்பும் ஃபூக்கேவைப் பார்த்தார். தார்த்தஞான் மெல்லத் தொட்டுக் காட்ட, கைதி சிரித்தபடி வணக்கம் சொன்னாராம். கால் நடுங்கியது, நெஞ்சு படபடத்தது என்று அந்த அம்மையார் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அரசனின் கோபத்துக்கு ஆளான ஒருவருக்காக இத்தனை பேர் நின்றது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை. காசு கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். இவர் அதற்கு மேலும் ஏதோ கொடுத்திருக்கிறார்.

நீதிமன்றத்திலும் ஆள் சளைக்கவில்லை. தலைமை தாங்கிய செகியே ராஜதுரோகம் பற்றிப் பேச, ஃபூக்கே நிதானமாக ராஜதுரோகம் எதுவென்று விளக்கினார்: உயர்ந்த பதவியில் இருந்துகொண்டு எதிரிப் பக்கம் போவது, எதிரிப் படைக்கு வழி திறந்துவிடுவது. உள்நாட்டுக் கலகத்தின்போது செகியேவும் அவர் மருமகனும் செய்தது அதுதான். மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

1664 டிசம்பரில் தீர்ப்பு. 9 பேர் மரண தண்டனை கேட்டார்கள், 13 பேர் நாடுகடத்தினால் போதும் என்றார்கள். லூயி அதை ஆயுள் சிறையாக மாற்றினான். மன்னர்கள் தண்டனையைக் குறைப்பார்கள், இவன் கூட்டினான்!

இன்று இத்தாலியில் இருக்கும் பினெரோலோ நகரின் அந்நாளைய கோட்டையில் அடைத்தார்கள். பேனா, மை கிடையாது. கோழி எலும்பைப் பேனாவாக்கி, புகைக்கரியைத் திராட்சை மதுவில் குழைத்து எழுதினார். அதையும் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் ‘இரும்பு முகமூடி மனிதன்’ என்று கதை கட்டப்பட்ட கைதி, அங்கே சில காலம் இவருக்குப் பணியாளாக இருந்தார். 1680 மார்ச்சில், 65 வயதில், ஃபூக்கே சிறையிலேயே இறந்தார்.

வோவின் திரைச்சீலைகள், சிலைகள், ஆரஞ்சு மரங்கள் எல்லாம் அரசன் கைக்குப் போயின. லெ வோ, லெ ப்ருன், லெ நோத்ர் மூவரும் லூயியின் வெர்சாய் அரண்மனைக்கு வேலைக்குப் போனார்கள். பாரிஸ் போகிறவர்கள் வெர்சாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வோவும் பாரிசிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான், பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. முதலில் வோவைப் பாருங்கள், அப்புறம் வெர்சாய் போங்கள். எது அசல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.