மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கலாமா, தளம் போடலாமா? புரட்டாசி வானிலைக் கேள்வி-பதில்

காட்பாடி: "வேலூர் மாவட்டத்தில் இடியுடன் கூடிய மழை" என்று நாலு நாளாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை.

'மழை' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் மாவட்டத்து மழைமானிகளில் கால் பங்குக்குள் மழை பதிவானாலே கணிப்பு பலித்த கணக்கு. 'ஒருசில' என்றால் பாதி வரை, 'அநேக' என்றால் முக்கால் வரை, 'பெரும்பாலான' என்றால் அதற்கும் மேல். புரட்டாசி இடிமேகம் ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் அகலம்தான். பொன்னையில் கொட்டும்போது காட்பாடியில் நட்சத்திரம் தெரிவதில் அதிசயம் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. மழைக் கணக்கு காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. செவ்வாய் இரவு பெய்த மழை புதன்கிழமைப் பட்டியலில்தான் வரும்.

குடியாத்தம்: செம்மண் நிலம், கொத்து ரக மல்லாட்டை, 108 நாள் ஆகிவிட்டது. தினமும் ராத்திரி மழை. பிடுங்கட்டுமா, பொறுக்கட்டுமா?

முதலில் காயைப் பாருங்கள். நிலத்தில் நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். பத்தில் ஏழெட்டு காய் உள்ளே கறுத்திருந்தால் முற்றிவிட்டது. கொத்து ரகத்துக்கு விதை உறக்கம் (முற்றிய பின்னும் முளைக்காமல் இருக்கும் காலம்) கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் ஒரு வாரம் கிடந்தால் அங்கேயே முளைவிடும். காம்பும் இற்றுப்போய், இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணில் நின்றுவிடும்.

பிறகு மழையின் ஜாதியைப் பாருங்கள். பகலில் பொன்னுருகக் காய்ந்து, இரவு 7 மணிக்கு மேல் இடித்துக் கொட்டி, காலையில் வெளுத்துவிடுகிறதா? அது மேற்கே சித்தூர் மலைப்பக்கம் கிளம்பி, மேல்காற்றில் கிழக்கே நகர்ந்து வரும் மழை. மறுநாள் ஏழெட்டு மணி நேர வெயில் கிடைக்கும், தாராளமாகப் பிடுங்கலாம். அறிக்கையில் 'வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று வந்து, காற்றும் கீழ்த்திசைக்குத் திரும்பினால் கதை வேறு. இரண்டு மூன்று நாள் மூட்டமாகவே நிற்கும். பிடுங்கினால் காயாது, அந்த நாட்களைத் தள்ளிவிடுங்கள்.

மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். உங்கள் களமும் தார்ப்பாயும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும். காலையில் பிடுங்கி, காய் மேலே இருக்கும்படி செடியைக் கவிழ்த்து வரிசையாகப் போடுங்கள். அதன்மேல் ஒரு மழை விழுந்தாலும் மறுநாள் புரட்டிவிட்டால் போதும். பச்சைச் செடியை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் பெருந்தவறு. உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு ஏறும். பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை காயவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

ஆம்பூர்: கைப்பேசியில் ரேடார் படம் பார்க்கிறேன். மழை எத்தனை மணிக்கு வரும் என்று அதிலேயே சொல்ல முடியுமா?

ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லலாம். அரை மணி இடைவெளியில் வந்த இரண்டு படங்களை எடுங்கள். சிவப்புப் பொட்டு 15 கி.மீ. நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 30. உங்களுக்கு 30 கி.மீ. மேற்கே இருந்தால் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குமேல் கணக்குப் போடாதீர்கள். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று முன்னால் ஓடிப் புது மேகத்தைக் கிளப்பிவிடும், பழைய மேகம் வழியிலேயே கரைந்துவிடும். சென்னை ரேடாரின் கற்றை வேலூருக்கு வரும்போது தரையிலிருந்து சுமார் 2 கி.மீ. உயரத்தில் போகிறது. அதனால் தாழ்வான மேகத்தின் தூறல் படத்தில் விழாமலே போகலாம்.

ஏழு நாள் கணிப்பில் முதல் மூன்று நாளை நம்பி வேலையைத் திட்டமிடலாம். ஐந்தாம் நாளுக்கு மேல் வருவது வெறும் சாடை.

ராணிப்பேட்டை: வரும் வாரம் வீட்டுக்குத் தளம் போட வேண்டும்.

காலை 6 மணிக்குக் கலவை ஓடத் தொடங்கி, 12-க்குள் முடித்துவிடுங்கள். மழை பெரும்பாலும் மாலைக்கு மேல்தான் என்பதால் கான்கிரீட் இறுக நேரம் கிடைக்கும், இறுகியபின் வரும் மழை நீராற்றும் (கியூரிங்) வேலையைச் செய்யும். போட்ட சூட்டில் மழை வந்தால் பாலிதீன் விரித்து மூடுங்கள். சிமெண்ட் பால் கரைந்து மணல் தெரிகிறதே என்று மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவுவார்கள். விடாதீர்கள், பிறகு செதில் செதிலாக உரியும். முந்தின இரவு நனைந்த எம்-சாண்டில் 5 சதவீத ஈரம் இருந்தாலே ஒரு சிமெண்ட் மூட்டைக்கு 4 லிட்டர் தண்ணீர் கூடிவிடும். அந்த அளவைக் கலவைத் தண்ணீரில் குறையுங்கள்.

ஒடுகத்தூர்: மாடு மேய்க்கப் போன இடத்தில் இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே வீடு திரும்புங்கள். புளியமரம், பனைமரம், கம்பிவேலி எதன் பக்கமும் ஒதுங்கக் கூடாது, மாட்டையும் அங்கே கட்டக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். தாமினி செயலி சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும்.

ஆற்காடு: வீட்டிலேயே மழையை அளக்க முடியுமா?

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரமாக இருக்கட்டும். பக்கெட் அடியில் குறுகலாக இருப்பதால் அளவைக் கூட்டிக் காட்டும். சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். நின்ற தண்ணீரின் ஆழம்தான் மில்லிமீட்டர் கணக்கு. 25 மி.மீ. இருந்தால் உங்கள் ஏக்கரில் சுமார் 1 லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது, அன்றைக்கு மோட்டார் போட வேண்டாம்.