ஒன்பதாவது முடிக்கும் பையனும் லண்டன் பெரியப்பாவும்

"சார், ஸ்கூல்ல சைக்காலஜிஸ்ட் எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லி லெட்டர் குடுத்திருக்காங்க. பையனுக்கு ஏதாவது பிரச்சினையா இருக்குமோ?"

போர்ச்சுகலில், லிஸ்பனுக்கு வடக்கே ஒதிவெலாஷ் என்று ஓர் ஊர். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் அங்கேதான் போய் முடிகிறது. அங்கிருந்து ஓர் அம்மா பேசினார். கணவருக்கு மென்பொருள் வேலை. கோவையிலிருந்து போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் அங்கே அரசுப் பள்ளியில் ஏழாவதில் சேர்ந்து இப்போது ஒன்பதாவது படிக்கிறான். கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லையாம்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். போர்ச்சுகல் பள்ளிகளில் சைக்காலஜிஸ்ட் என்பவர் பிள்ளைகளின் மனக்கோளாறை மட்டும் பார்ப்பவர் இல்லை. ஒன்பதாவது முடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து எந்தப் பிரிவு சரிப்படும் என்று வழிகாட்டுவதும் அவர் வேலை. பள்ளியின் உளவியல், வழிகாட்டுதல் பிரிவு என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் பத்தாவது ரிசல்ட் வந்த அன்று தெருவே சேர்ந்து செய்யும் காரியத்தை அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் நிதானமாகச் செய்கிறார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை கட்டாயக் கல்வி. ஒன்று முதல் நான்கு வரை ஒரு கட்டம், ஐந்தும் ஆறும் ஒரு கட்டம், ஏழு முதல் ஒன்பது வரை இன்னொரு கட்டம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அடிப்படைக் கல்வி. ஒன்பதாவது வரை ஏறக்குறைய எல்லாரும் ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். பத்தாவதில்தான் பாதை பிரிகிறது. நம்மூர்க் கணக்கில் பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் இடம் அதுதான், ஆனால் ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த அம்மாவுக்கு அது தெரியாது. பத்தாவதில் பொதுத்தேர்வு இருக்கும், அதுவரை காலம் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை 1 முதல் 5 வரைதான் மதிப்பு, 3 வாங்கினால் தேர்ச்சி. இவர்கள் மகனுக்குக் கணக்கில் 4. போர்த்துகீசில் 3, அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கான தனிப் பாடத்தில், பி1 என்ற நடுத்தர மொழி நிலையில். "மூணுதான் சார் வாங்கறான்" என்று அழாத குறையாகச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் அந்த மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாத பிள்ளை அம்மா அவன்! பத்தாவதிலிருந்து மதிப்பெண் 20-க்கு. அங்கே 14 நல்ல மதிப்பெண். அதை எழுபது சதவீதமாக மாற்றிப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

ஆறுதல் சொன்னது போதும். அடுத்து அந்த அம்மா சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை.

லண்டனில் பெரியப்பா இருக்கிறார். குடும்பத்தில் முதலில் வெளிநாடு போனவர் என்பதால் அவர் சொன்னால் அதுதான் முடிவு. "கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டு ஏற்கெனவே மூணு வருஷத்தைக் கெடுத்துட்டீங்க. இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேருங்க. அப்புறம் கிழக்கு ஐரோப்பாவில இங்கிலீஷ்லயே எம்பிபிஎஸ் முடிக்கட்டும்." இது பெரியப்பா. கோவையில் இருக்கும் தாத்தாவோ, பையனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், இங்கேயே பிளஸ் டூவும் நீட் கோச்சிங்கும் முடிக்கட்டும் என்கிறார். பையனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பணத்திலிருந்தே தொடங்குவோம். லிஸ்பன் சுற்றுவட்டாரத்தில் மேல்வகுப்புகளுக்கு வருடத்துக்கு 15 ஆயிரம் யூரோவைத் தாண்டி வாங்கும் இன்டர்நேஷனல் பள்ளிகள் பல உண்டு. மூன்று வருடத்துக்கு 45 ஆயிரம். நம் பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். 2025-ல் அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 870 யூரோதான். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. பாடப்புத்தகம் இலவசம், வருடக் கடைசியில் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தால் போதும். 23 வயது வரை பஸ், மெட்ரோ பயண அட்டை இலவசம். மதியச் சாப்பாடு 1.46 யூரோ. 2017-ல் வந்த சட்டப்படி அரசு உணவகங்கள் எல்லாவற்றிலும் சைவச் சாப்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும், முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுப் பிரச்சினைக்காகவே தனியார் பள்ளி தேடும் சைவக் குடும்பங்கள் சிலருக்கு இது தெரிவதில்லை.

மூன்று வருடம் முட்டி மோதிக் கற்ற மொழியை, அது கைக்கு வரும் நேரத்தில் விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போகச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை. அப்பாவும் அம்மாவும் அங்கேயேதான் இருக்கப் போகிறார்கள். பிள்ளை மட்டும் அந்த ஊரில் பாதி ஊமையாக இருக்க வேண்டுமா?

தாத்தா சொல்லும் வழியில் வேறொரு குழி இருக்கிறது. தற்காலிக வசிப்பு அட்டை வைத்திருப்பவர் தக்க காரணம் காட்டாமல் தொடர்ந்து ஆறு மாதம் நாட்டுக்கு வெளியே இருந்தால், அந்த அட்டையை ரத்து செய்ய போர்ச்சுகல் சட்டத்தில் இடம் உண்டு. அதோடு, பெற்றோர் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து சட்டப்படி அங்கே வசித்து, பிள்ளையும் அவர்களோடு இருந்தால், கல்லூரிச் சேர்க்கையில் அவன் உள்ளூர் மாணவன். அங்கே பட்டப்படிப்புக்கு அரசுக் கல்லூரிகளில் 2020-லிருந்து வைத்திருந்த உச்சவரம்பு வருடத்துக்கு 697 யூரோதான். வெளிநாட்டு மாணவன் என்ற கணக்கில் வந்தால் பல ஆயிரம். கையில் இருக்கும் இந்தச் சலுகையை நீட் கோச்சிங்குக்காக உடைக்க நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான், "பையன் என்ன பண்ணிட்டிருக்கான் இப்போ?" என்று கேட்டேன். அம்மா சலித்துக்கொண்டே போனை பால்கனிப் பக்கம் திருப்பினார். யாரோ தெருவில் தூக்கிப்போட வைத்திருந்த வாஷிங் மெஷின், பின்பக்கம் கழற்றப்பட்டுக் கிடந்தது. பையன் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வெளியேற்றும் சின்ன மோட்டாரைக் கையில் வைத்திருந்தான். அதன் விசிறியில் ஒரு கொண்டை ஊசி சிக்கியிருந்தது. "மோட்டார் நல்லா இருக்கு அங்கிள். இது மாட்டினதாலதான் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். கழற்றிய ஸ்க்ரூக்களை இடம் மாறாமல் இருக்க ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி, பக்கத்தில் நம்பர் போட்டு வைத்திருந்தான். லீவுக்குக் கோவை போனபோது பாட்டி வீட்டுக் கிரைண்டரைச் சரிசெய்ததும் அவன்தானாம். இதை அம்மா குறையாகத்தான் சொன்னார்.

எனக்கு அந்த அட்டை போதும்.

பத்தாவதில் அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவு, பொருளாதாரப் பிரிவு, மொழி-மானுடவியல், கலை என்று நான்கு கல்விப் பிரிவுகள் உண்டு. அவற்றைப் பற்றி நான் இங்கே விளக்கப் போவதில்லை. அதைச் சொல்ல லிஸ்பனில் இருக்கும் நம் ஆட்கள் எல்லாருமே தயார். யாரும் வாய் திறக்காத இன்னொரு பாதை இருக்கிறது: குர்சு புரொஃபிசியொனால், அதாவது தொழிற்பிரிவு.

இந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கியது. "ஐடிஐ மாதிரியா சார்?" இல்லை. மூன்று வருடம் முடித்தால் இரண்டு சான்று கையில் வரும். ஒன்று பன்னிரண்டாவது முடித்ததற்கு, மற்றப் பிள்ளைகள் வாங்கும் அதே மதிப்புள்ளது. இன்னொன்று ஐரோப்பிய அளவுகோலில் நான்காம் நிலைத் தொழில் தகுதி. உள்ளே என்ன இருக்கிறது என்று மணிக்கணக்காகவே சொல்கிறேன். மொழி, ஆங்கிலம், சமூகம், கணினி, உடற்பயிற்சி எல்லாம் சேர்த்து 1000 மணி நேரம். கணிதம், இயற்பியல்-வேதியியல் போன்ற அறிவியல் பாடங்கள் 500. தொழில்நுட்பப் பாடங்கள் 1000 முதல் 1300 வரை. அதற்கு மேல் 600 முதல் 840 மணி நேரம் உண்மையான நிறுவனத்தில் பயிற்சி. இந்தப் பையனுக்கு நான் மனதில் வைத்திருப்பது மெக்கட்ரானிக்ஸ்: மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ், காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகள், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கணினிக்கான நிரல், ஓடுகிற இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது.

நிறுவனப் பயிற்சியை நான் பெரிதாக நினைப்பதற்கு இன்னொரு காரணம் மொழி. வகுப்பறையில் பி1-லிருந்து நகராத பையன், ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடு" என்று வேகமாகச் சொல்வதைக் கேட்டு எடுத்துக் கொடுக்கும்போது நகர்வான். லிஸ்பனுக்குத் தெற்கே பல்மெலாவில் 1995-லிருந்து ஃபோக்ஸ்வேகன் கார் ஆலை ஓடுகிறது, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள். இவர்கள் பையனுக்குக் காரில்தான் ஆசை என்று நான் சொல்ல வரவில்லை. லிஃப்ட், ஆஸ்பத்திரிக் கருவி, பாட்டிலில் அடைக்கும் ஆலை என்று ரிப்பேர் பார்க்க ஆள் தேவைப்படும் இடம் எந்த ஊரிலும் உண்டு.

மூன்றாம் வருடக் கடைசியில் 'பாப்' என்று சுருக்கமாகச் சொல்லும் தொழில்திறன் தேர்வு. பையன் தானே ஒரு திட்டத்தை யோசித்து, செய்து, எழுதி, நடுவர் குழு முன்னால் நின்று விளக்க வேண்டும். நடுவர்களில் பள்ளிக்கு வெளியிலிருந்து வருபவர்களும் இருப்பார்கள். நான் சொன்னதால் பையன் ஒரு பள்ளியின் பார்வையாளர் நாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டோ அனுப்பினான். கடைசி வருட மாணவன் ஒருவன் செய்த குட்டிக் கன்வேயர் பெல்ட், நிறம் பார்த்து பாட்டில் மூடிகளைப் பிரித்து இரண்டு டப்பாவில் போடுகிறது. போட்டோவுக்குக் கீழே பையன் எழுதியிருந்தது: "சிவப்பு மூடி மட்டும் சில நேரம் தப்பா போகுது. சென்சார்ல வெளிச்சம் படுதுன்னு நினைக்கிறேன்."

"மேல படிக்க முடியாதே சார்" என்பது அடுத்த பயம். முடியும். தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எல்லாரையும்போலப் போகலாம். 2020-லிருந்து தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்றே தனிச் சேர்க்கை வழியும் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு வருட உயர் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்து அங்கிருந்து பட்டத்துக்குத் தாவுவது இன்னொரு வழி. இங்கே பாலிடெக்னிக் என்ற சொல்லால் ஏமாந்துவிடக் கூடாது. நமக்குப் பாலிடெக்னிக் என்றால் டிப்ளமோ. அங்கே அது பட்டம் கொடுக்கும் உயர்கல்வி நிறுவனம். லிஸ்பனின் பெயர்பெற்ற பொறியியல் கல்லூரிகளில் ஒன்றான இசெல், லிஸ்பன் பாலிடெக்னிக்கின் ஓர் உறுப்புதான். 2023 சட்டம் பாலிடெக்னிக்குகள் டாக்டர் பட்டம் தரவும் வழி திறந்துவிட்டது. பெரியப்பாவிடம் "பாலிடெக்னிக்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

குறைகளையும் மறைக்கவில்லை. போர்ச்சுகலிலும் தொழிற்பிரிவை ஒரு படி கீழாகப் பார்ப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போனால் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. கணிதம் அறிவியல் பிரிவின் அளவுக்கு ஆழம் போகாது, எனவே பொறியியலில் மேலே போக நினைத்தால் இப்போதிருந்தே தனியாகக் கணக்கு போட்டுப் பழக வேண்டும். பத்தாவது பாதியில் மனம் மாறினால் திரும்புவது சுலபம் இல்லை. வருகைப் பதிவில் கண்டிப்பு: ஒவ்வொரு பாடப்பகுதியிலும் 90 சதவீத மணி நேரம், நிறுவனப் பயிற்சியில் 95 சதவீதம். கோவையில் கல்யாணம், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று டிசம்பர் முதல் வாரமே கிளம்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

எம்பிபிஎஸ் பற்றி இதற்கு மேல் நான் பேசவில்லை. போர்ச்சுகலிலேயே அரசு மருத்துவக் கல்லூரிக்கு 20-க்கு 18-ஐ ஒட்டி வேண்டும், ஆசை இருக்கும் பிள்ளை அதற்காக உழைக்கட்டும். இந்தப் பிள்ளைக்கு அந்த ஆசை இருப்பதாக அவன் வாயால் ஒரு தடவைகூட வரவில்லை. பெரியப்பாவிடம் என்னைப் பேசச் சொல்லி அம்மா கேட்டார். 45 ஆயிரத்தை அவர் கட்டுவதாக இருந்தால் பேசுகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். அன்று முதல் முறையாக.

இனி வேலை. பள்ளிச் சேர்க்கை இணையதளத்தில் பத்தாவதுக்கான பதிவு பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கும். தொழிற்பிரிவு எல்லாப் பள்ளியிலும் இருக்காது, மெக்கட்ரானிக்ஸ் அதைவிடக் குறைந்த இடங்களில்தான். குறைந்தது இரண்டு பள்ளிகளின் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். இயந்திரங்கள் மேல் தூசி படிந்திருக்கிறதா, எண்ணெய் வாசம் வருகிறதா என்று கவனியுங்கள். போன வருடப் பிள்ளைகள் எந்தெந்த நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனார்கள் என்று பெயர் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கும் பள்ளி வேண்டாம்.

சைக்காலஜிஸ்டைப் பார்க்க வியாழக்கிழமை போகிறார்கள். பையனும் கூட இருக்க வேண்டும், முதல் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மொழிபெயர்ப்பதும் அவனே. ஆனால் முக்கியமான பதில்களை சைக்காலஜிஸ்டிடம் காகிதத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பையன் தனக்குச் சாதகமாகத்தான் மொழிபெயர்ப்பான்.