தோற்றுக்கொண்டே இருக்கும் கால்பந்து அணியின் சீசன் டிக்கெட்டை, அதாவது சீசனின் உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் முன்பே வாங்கும் டிக்கெட்டை, புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், உங்கள் அணி அங்கே கால்பந்தின் முதல் அடுக்கான பிரிமியர் லீக் பட்டியலின் அடியில் கிடக்கிறது, புதுப்பிக்கச் சொல்லி கிளப்பிலிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தாராளமாக விடலாம். ஆனால் முறையாக விட வேண்டும். இல்லையென்றால் மைதானத்தில் உங்களுக்குரிய சீட்டோடு (இருக்கையோடு) பணமும் போகும், வெளியூர் ஆட்டத்துக்கான வரிசையில் இருந்த இடமும் போகும்.

"உண்மையான ரசிகன் தோல்வியில் விட்டுவிட்டுப் போக மாட்டான்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சண்டர்லேண்ட் அணியைப் பார்க்கட்டும். 2017இல் பிரிமியர் லீக்கிலிருந்தும் 2018இல் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்தும், பட்டியலின் அடியில் முடித்ததால் அடுத்தடுத்து கீழ் அடுக்குக்கு இறங்கிய அணி அது. மூன்றாம் அடுக்கில் கிடந்தபோது, 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். அத்தனை பேரிடமும் சீசன் டிக்கெட் இருக்கவில்லை. அன்றைய ஆட்டத்துக்கு மட்டும் காசு கொடுத்து வந்தவர்கள் ஏராளம். 2025 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஷெஃபீல்டு யுனைட்டெடை வென்று அணி மீண்டும் மேலே ஏறியபோது அவர்களை யாராவது ரசிகர்கள் இல்லை என்று சொன்னார்களா? சீசன் டிக்கெட் என்பது முன்பணம், அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் போடுங்கள். பிரிமியர் லீக்கில் உள்ளூர் ஆட்டம் 19. டிக்கெட் 760 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்கு 40. நீங்கள் 13 ஆட்டத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் உண்மையில் கொடுப்பது 58க்கு மேல். தனி டிக்கெட் 50 பவுண்டு என்றால், 16 ஆட்டத்துக்காவது போனால்தான் சீசன் டிக்கெட் லாபம். லீக்குக்கு வெளியே தனியாக நடக்கும் கோப்பை ஆட்டங்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்காது. சில கிளப்புகளில் கோப்பை டிக்கெட் தானாகவே கார்டிலிருந்து பிடித்துக்கொள்ளும் திட்டத்தில் உங்களைச் சேர்த்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

"போக முடியாத நாளில் விற்றுக்கொள்ளலாமே" என்று நினைத்துப் புதுப்பிக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கிளப்பே நடத்தும் மறுவிற்பனைத் தளமான டிக்கெட் எக்ஸ்சேஞ்சில் சீட்டைப் போட்டால் பொதுவாக விலையில் 19இல் ஒரு பங்கு கிடைக்கும், அதுவும் அந்தச் சீட்டை வேறொருவர் வாங்கினால்தான். பல இடங்களில் மைதானம் விற்றுத் தீர்ந்த பிறகே எக்ஸ்சேஞ்சைத் திறப்பார்கள். ஜெயிக்கிற அணிக்கு அது நல்ல வசதி. தோற்கிற அணிக்கு, செவ்வாய் இரவு மழையில், கிளப்பின் சொந்தச் சீட்டுகளே மிஞ்சிக் கிடக்கும்போது உங்கள் சீட்டை யார் வாங்குவார்கள்? தேவைப்படுகிற நேரத்தில்தான் அந்த வழி அடைபடும்.

வெளியே விற்கலாமா என்றால், கூடவே கூடாது. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், 166ஆம் பிரிவு: அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது குற்றம். விலை கூட்டி விற்றால்தான் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கிய விலைக்கே முகநூலில் போட்டாலும் குற்றம்தான். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கூட்ட நெரிசல் துயரத்துக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை இதைப் பரிந்துரைத்தது. எதிரணி ரசிகர்கள் இந்தப் பக்கக் கூட்டத்துக்குள் கலந்துவிடக் கூடாது என்பதே காரணம். கிளப்பின் செயலி வழியாக நண்பருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் சிறுவர் விலை சீசன் டிக்கெட்டைப் பெரியவருக்குக் கொடுத்தால் பல மைதானங்களில் நுழைவுச் சுழல்கதவில் (டர்ன்ஸ்டைல்) வேறு நிற விளக்கு எரியும், பக்கத்தில் நிற்கும் மைதானப் பணியாளர் நிறுத்திவிடுவார். மாற்றுவதற்கு முன்பே வித்தியாசத் தொகையைக் கட்டிவிடுங்கள்.

இனி விடுகிற வேலை. தானியங்கிப் புதுப்பித்தல் இருக்கிறதா என்று கணக்கில் நுழைந்து பாருங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் இருந்தால் விட்டதாக ஆகாது. பல கிளப்புகளில் அதைப் புதுப்பித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதிக்குள் அணைத்துவிட்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போன பிறகு, இணையத்தில் வாங்கியதற்கு "14 நாள் ரத்து உரிமை" உண்டே என்று போய் நிற்க முடியாது. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் அந்த உரிமை கிடையாது. தவணையில் வாங்கியிருந்தால் கவனம்: அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் வாங்கிய கடன். கடனிலிருந்து பொதுவாக 14 நாளுக்குள் விலகலாம், ஆனால் அதன்பின் 30 நாளுக்குள் முழுத் தொகையும் கட்ட வேண்டும். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டை வங்கியில் மட்டும் நிறுத்தினால் கடன் தீராது, கடன் வரலாற்றில் கறைதான் விழும்.

அடுத்தது வெளியூர் ஆட்டங்கள். பிரிமியர் லீக்கில் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 2016-17 சீசனிலிருந்து 30 பவுண்டு உச்சவரம்பு. கால்பந்தில் இதைவிட மலிவாக நல்ல நாள் ஒன்று கிடைக்காது. ஆனால் அந்த டிக்கெட்டுகள் முதலில் போவது சீசன் டிக்கெட்காரர்களுக்கு, அதிலும் தொடர்ந்து ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்த்த விசுவாசப் புள்ளி அதிகம் வைத்திருப்பவர்களுக்கு. உள்ளூர் சீட்டை விட்டால் அந்தப் புள்ளிகள் என்ன ஆகும், மெம்பர்ஷிப் (தனி டிக்கெட் வாங்க முன்னுரிமை தரும் கிளப் உறுப்பினர் அட்டை) எடுத்தால் தொடருமா என்று டிக்கெட் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள். மனைவி, மகன், தங்கை பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சில கிளப்புகளில் நெருங்கிய உறவுக்கு மாற்ற வழியுண்டு. சீட்டு வீட்டிலேயே தங்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப்பிக்கும் காலம் பெரும்பாலும் வசந்தத்திலேயே தொடங்கிவிடும், அணி இறங்குமா என்று தெரிவதற்கு முன்பே. சவுத்தாம்ப்டன் அணிக்கு நடந்தது போல, ஏழு ஆட்டம் மீதமிருக்க 2025 ஏப்ரல் 6 அன்றே இறங்குவது உறுதியாகிவிடுவது அபூர்வம். இறங்கினால் விலை குறையுமா, கட்டியவருக்கு வித்தியாசம் திரும்பி வருமா என்று விதிமுறையில் தேடுங்கள். சாம்பியன்ஷிப்பில் உள்ளூர் ஆட்டம் 23. அதே 760 பவுண்டுக்கு ஆட்டம் 33 பவுண்டாகிறது, ஆனால் வார நாள் இரவு ஆட்டங்கள் கூடும்.

தோல்வியைவிட எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சனி மாலை 3 மணி என்று நம்பி ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டியவரை, தொலைக்காட்சிக்காகத் திங்கள் இரவு 8 மணிக்கு மாற்றி விடுகிறார்கள். கடைசி ரயில் போய்விட்டால் அது அவர் பாடு, ஒரு பென்னி திரும்பி வராது. 2025 டிசம்பர் 26 அன்று பிரிமியர் லீக்கில் நடந்தது ஒரே ஒரு ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அது, பரம்பரை பரம்பரையாக குடும்பத்தோடு மைதானத்துக்குப் போகிற நாள். அணி தோற்பதை ரசிகன் பொறுத்துக்கொள்வான். அவன் நாளை அவனைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதை ஏன் பொறுக்க வேண்டும்?

முழுதாக விட மனம் வராவிட்டால், ஜனவரி வாக்கில் அரை சீசன் டிக்கெட் வருமா என்று கேட்டுப் பாருங்கள். சீட்டு காலியாகக் கிடக்கும் கிளப்புகள்தான் அதை விற்கும். அதுவரை மெம்பர்ஷிப் எடுத்து, சிறிய அணிகளோடு ஆடும் நாட்களைத் தேர்ந்து போங்கள். பெரிய அணிகள் வரும் நாளில் தனி டிக்கெட் கிடைப்பது கடினம், அதற்கு மட்டும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.