கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்துகிறான்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பேச்சு வரவில்லை. மூன்று மாதமாக சாயங்காலம் ஆனால் கையைக் கடித்துக்கொள்கிறான், கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடக்கிறான், ராத்திரி தூக்கமில்லை. பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு தவிர எதையும் தொடமாட்டான். ஜட்டியில் அடிக்கடி தண்ணீராகக் கறை, அதற்குப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்கிறோம். ஆட்டிசம் என்றால் இப்படித்தான் என்கிறார்கள். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் சரியாகுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இப்படித்தான் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா. வயிறு வலிக்கிறது என்று சொல்ல வாய் வராத பிள்ளை அதை வேறு எப்படிச் சொல்வான்? மூன்று மாதமாக அவன் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான், நினைத்தாலே மனசு கேட்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-லேயே எழுதிவிட்டார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் மலச்சிக்கல்தான். தண்ணீராகப் போகிறதே என்பீர்கள். கெட்டிப்பட்ட மலம் ஆசனவாய்க்கு மேலே அடைத்துக்கொண்டு நிற்கும், பின்னால் வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிந்து ஜட்டியை நனைக்கும், அது கசிவது அவனுக்கே தெரியாது. இதற்குப் போய் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். அதை நிறுத்திவிட்டு, குழந்தை மருத்துவரிடம் காட்டி வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எப்போது சாப்பிட்டான், எப்போது போனான், எப்போது கடித்தான் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துக் கொண்டுபோங்கள். ஆவேசத்தைத் தணிக்க எழுதித் தரும் ரிஸ்பெரிடோன் மருந்தைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் மலம் கட்டும்.

அடைப்பு என்று உறுதியானால் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைகால் மாதிரி மலத்தை இளக்கும் மருந்து எழுதுவார்கள். மாதக்கணக்கில் தேவைப்படும், நாலு நாள் நன்றாகப் போனதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், தினமும் சாப்பிட்டவுடன் ஐந்து நிமிடம் டாய்லெட்டில் உட்கார வையுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது, காலடியில் ஒரு முக்காலி போடுங்கள்.

கோதுமை, பால் விஷயம். அவன் சாப்பிடுவதே மூன்று பொருள், அதில் இரண்டைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் வெறும் சோறுதான், சத்துக்கு எங்கே போவான்? இவற்றை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. அளவுக்கு மீறிப் பால் குடித்தால் சில குழந்தைகளுக்கு மலம் கட்டும், அதனால் எவ்வளவு கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது, இதில் எது தெரிந்தாலும் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.