திராட்டில் பொசிஷன் சென்சார்தான் பழுதா என்று எப்படி உறுதி செய்வது?

ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது கார் ஒரு கணம் திணறிப் பிறகு பாய்கிறது, ஸ்கேனரில் பி0122 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, சென்சாரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். இஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இஞ்சின் கணினிக்கு மின்னழுத்தமாகச் சொல்வதுதான் இந்தச் சென்சார். சிக்னல் மின்னழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கியதை மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது. காரணம் சென்சாரா, அறுந்த வயரா, பச்சை பூத்துப்போன கனெக்டர் முனையா என்பதைச் சொல்வதில்லை.

கேபிளால் இயங்கும் திராட்டிலில் இந்தச் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும். கனெக்டரைக் கழற்றி, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து மல்டிமீட்டரால் அளந்தால், ஒரு வயரில் ஏறத்தாழ 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் புதிய சென்சார் வீண் செலவுதான். எர்த் வயரையும் அவசியம் பாருங்கள், பலர் விட்டுவிடும் சோதனை இது.

இரண்டும் சரியென்றால் கனெக்டரை மீண்டும் மாட்டி, மூன்றாவதான சிக்னல் வயரின் பின்புறமாக மீட்டரின் மெல்லிய ஊசிமுனையைச் செலுத்தி, திராட்டிலை மிக மெதுவாகத் திறந்தபடி மீட்டரைக் கவனியுங்கள். மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட்டில் தொடங்கி, முழுவதும் திறக்கும்போது 4.5 வோல்ட்டை நெருங்கும்வரை அளவு தடங்கலின்றி ஏற வேண்டும் (துல்லியமான எண்கள் காருக்குக் கார் சற்று மாறும்). உள்ளேயுள்ள கார்பன் பாதை தேய்ந்திருந்தால், அதிகம் உராயும் தொடக்கப் பகுதியில் முள் சட்டென்று கீழே விழுந்து மீளும். டிஜிட்டல் மீட்டர் இந்தக் கணநேர வீழ்ச்சியைத் தவறவிடக்கூடும் என்பதால் முள் மீட்டரையே பரிந்துரைக்கிறேன்.

கேபிளுக்குப் பதில் மோட்டாரால் இயங்கும் மின்னணுத் திராட்டிலாக இருந்தால், இக்னிஷன் ஆனில் இருக்கும்போது காற்றுவழியை மூடித் திறக்கும் தகட்டை விரலால் தள்ளவே கூடாது. மோட்டார் திடீரென இயங்கி விரலை நசுக்கிவிடும்.